குத்தகைப் பெட்டிக்குள் ஒரு கவி

சென்ற மாதம் மூன்று இளைஞர்கள் என் வீடு தேடி வந்தார்கள். ஊரில் கலைவிழா எடுக்கப் போகிறார்களாம். அதில் ஒரு கவிதைப் போட்டியும் உண்டாம். "ஐயா, வெள்ளக்காரன்ட காலத்தில நடந்த போட்டிக்கு நீங்கதான் எழுத்து வேல பாத்ததாமே. அந்த விதியளெல்லாம் ஞாபகம் இரிக்கா?" என்று கேட்டார்கள். ஞாபகம் இல்லாமலா? ஒன்பது விதிகள். ஒன்பதையும் சொன்னேன்; எழுதிக்கொண்டார்கள். விடைபெறும்போது அவர்களில் ஒருவர் வாசலில் நின்று, "போட்டியில பிழ ஏதும் நடந்ததா ஐயா?" என்றார். "ஓம், ஒண்டு நடந்தது" என்றேன். எழுந்தவர்கள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். பிழை என்னுடையது. ஆகவே அதை ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் வேலை எனக்கில்லை. ஒன்பது வயற்காரர்கள் தங்கள் பயிரைக் காப்பாற்றச் சொல்லி அனுப்பிய ஒரு கடதாசியை, அழகான கவிதை என்று எண்போட்டு நான் பெட்டிக்குள் பூட்டிவைத்துவிட்டேன். அவ்வளவுதான். ஆனால் எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவன், வாசித்துப் பார்த்த பிறகும் அப்படிச் செய்ய முடிந்தது எப்படி என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

நான் எழுத்துவேலைக்கு லிகிதராகச் சேர்ந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் கடைசியில். மட்டக்களப்பு வாவியோரம் இருந்த ஓர் அரசாங்க அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர். எது என்று பெயர் சொல்லப் போவதில்லை. என் பிழையை அந்தக் கட்டடத்தின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. முதல் மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நகல் எழுதினேன், கறையான் தின்ற கட்டுகளை வெயிலில் காயவைத்தேன், வருகிற கடதாசிக்கெல்லாம் தபால் புத்தகத்தில் எண்போடப் பழகினேன். பழக்கியவர் பெரிய கிளாக்கர் பீலிக்ஸ் ஐயா.

பீலிக்ஸ் ஐயா போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர். வீட்டில் அவர்களுடைய பழைய போர்த்துக்கீசம் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை வயலின் வாசிப்பார். எங்களோடு எங்களைவிட நல்ல மட்டக்களப்புத் தமிழ் பேசுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு கடதாசி மேசைக்கு வந்தால் அதை மூலையில் இரண்டு விரலால் தூக்கி, முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் முன்பக்கம். "முன்பக்கத்தில அவன் சொல்ல நினைச்சது இரிக்கும். பின்பக்கத்தில அவன் மறந்தது இரிக்கும்" என்பார். யாராவது பிழை விட்டால் ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டார். எப்போது, எதைக்கொண்டு, யார் முன்னிலையில் என்று மூன்றே கேள்விகள். பதில்களை ஒரு துண்டுத் தாளில் நீலப் பென்சிலால் எழுதிக்கொள்வார். அந்தப் பென்சிலைக் கண்டாலே எங்களுக்கு வியர்க்கும்.

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடம் முந்திப் புதிதாக வந்த பெரிய துரைக்குக் காட்சிகள், விழாக்கள் என்றால் பிரியம். தை மாதம் விவசாயக் காட்சியோடு சேர்த்துக் கலைவிழாவும் நடத்த வேண்டும் என்றார். பெரிய பூசணிக்காய்க்குப் பரிசு, நெசவுக்குப் பரிசு, கூத்துக்குப் பரிசு. அதோடு "மட்டக்களப்பு வாவி" என்ற பொருளில் கவிதைக்கும் பரிசு. நடத்தும் பொறுப்பு பீலிக்ஸ் ஐயாவிடம் வந்தது. கவிதைப் போட்டி எப்படி நடத்துவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு பகல் முழுவதும் யோசித்துவிட்டுச் சொன்னார்: "களவு வராம நடத்தத் தெரிஞ்ச ஒரே விசயம் எங்களிட்டத் துறைக் குத்தகைதான். கவியையும் அப்பிடியே நடத்துவம்."

வாவியில் தோணித்துறைகளைக் குத்தகைக்கு விடும்போது, கேட்பவர்கள் மூடிய உறைகளில் கேள்விப்பத்திரம் போடுவார்கள். அதற்கென்று ஒரு முதிரை மரப் பெட்டி இருந்தது. மேலே ஒரு வாய், முன்னால் இரண்டு பூட்டுகள். ஒரு திறப்பு பீலிக்ஸ் ஐயாவின் இடுப்புச் சங்கிலியில், மற்றது பெரிய துரையிடம். அறிவித்த நாளில், இருவர் முன்னிலையில் அல்லாமல் அது திறக்கப்படாது. கவிதைகளும் அதற்குள்தான் போக வேண்டும் என்று முடிவாயிற்று. கவிதைத் தாளில் புனைபெயர் மட்டும். சொந்தப் பெயர் தனியாக ஒரு சின்ன உறைக்குள், அரக்கு வைத்து. நாலாம் விதியை பீலிக்ஸ் ஐயா தன் கையாலேயே எழுதினார்: கவிதைத் தாளில் ஆளைக் காட்டும் அடையாளம் எதுவும் இருந்தால் தள்ளுபடி. எட்டாம் விதி பெரிய துரை சொல்லிச் சேர்த்தது: பரிசு பெறும் கவிதைகள் விழா மேடையில் துரை முன்னிலையில் படிக்கப்படும்.

ஊரூராகப் பறையடித்து அறிவித்தார்கள். கார்த்திகை முடியுமுன் நாற்பத்தொரு கவிதைகள் வந்து சேர்ந்தன. வெளி உறையைப் பிரித்து, விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து, போட்டிப் புத்தகத்தில் எண்ணும் திகதியும் புனைபெயரும் எழுதிப் பெட்டியில் போடுவது என் வேலை. வாசிக்கச் சொல்லி விதியில்லை. வாசிக்கக் கூடாது என்றும் விதியில்லை. நான் எல்லாவற்றையும் வாசித்தேன். அந்த வேலையில் எனக்கு இருந்த குதூகலத்தைச் சொல்லி முடியாது. அதுவரை என் மேசைக்கு வந்தவையெல்லாம் எல்லைச் சண்டையும் மாட்டுக் களவும்தான். இப்போது நிலவும் ஓடமும் வந்தன. புனைபெயர்கள் இன்னும் வேடிக்கை. ஒருவர் "குருக்கள்மடத்துக் குயில்" என்று போட்டிருந்தார். குருக்கள்மடத்தில் அந்நாளில் கவிதை எழுதுகிறவர் ஒரே ஒருவர். அவரை எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இன்னொருவர் பெயரை மறைத்துவிட்டுத் தன் உத்தியோகத்தைப் பெரிதாக எழுதியிருந்தார். மனிதர்கள் ஒளிந்துகொள்ளவும் விரும்புகிறார்கள், கண்டுபிடிக்கப்படவும் விரும்புகிறார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இருபத்துமூன்றாவதாக வந்ததற்கு உள்ளுறையே இல்லை. பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள். தலைப்பில்லை. நான்கு கவிகள், அதாவது நாலடிப் பாட்டுகள்; அவற்றில் இரண்டு இன்றும் எனக்கு மனப்பாடம்.

கழுத்தளவு தண்ணியில
கண்முழிச்சி நிக்கிறமே
அழுத்திவச்ச மணற்கதவ
ஆர் திறந்து விடுவாரோ

குடல கட்டும் வேளையில
குரல்வளைக்கு மேல தண்ணி
கடலுக்கொரு வழிவிட்டா
கதிரெடுத்துத் தருவமையா

வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குடல கட்டுவது என்றால் கதிர் உள்ளே சூல்கொள்வது; பேசுவது நெற்பயிர் என்று விளங்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. முகத்துவாரத்தில் வாவியையும் கடலையும் பிரிக்கும் மணல் மேட்டைக் கதவு என்று சொல்கிறதே, என்ன கற்பனை! நிலவையும் ஓடத்தையும் வாசித்து அலுத்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே தாளின் அடியைப் பார்த்தேன். ஒன்பது பெருவிரல் அடையாளங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர். நாலாம் விதிப்படி இது தள்ளுபடி.

தள்ள மனம் வரவில்லை. மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, விரலடையாளங்கள் இருந்த அடிப்பகுதியை நேராக வெட்டினேன். அதைச் சின்ன உறையில் இட்டு அரக்கு வைத்தேன். புனைபெயர் வேண்டுமே, "வாவிமகன்" என்று நானே ஒன்றைச் சூட்டிப் புத்தகத்தில் எழுதினேன். ஒன்பது பேர் கூடி ஒரு கவிதை எழுதுவார்களா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சேர்ந்து பாடியிருப்பார்கள் போலும், நல்ல பழக்கம் என்று சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் போட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மார்கழி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மாரியில் வாவி நிறைந்தால் மேற்கே படுவான்கரை வயல்களுக்குள் தண்ணீர் ஏறும். முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் அது கடலுக்கு ஓடிவிடும். எப்போது வெட்டுவது என்பதில்தான் வருடாவருடம் இழுபறி. சீக்கிரம் வெட்டினால் இறால் கடலோடு போய்விடும் என்று வாவியில் தொழில் செய்கிறவர்கள் பொறுக்கச் சொல்வார்கள், அதுவும் நியாயம்தான். அந்த வருடம் அவர்களுடைய மனு முந்தி வந்துவிட்டது. பெரிய துரை ஓட்டமாவடிப் பக்கம் சுற்றுப்பயணம் புறப்படுமுன் கோப்பில் ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: படுவான்கரையிலிருந்து முறைப்பாடு ஏதும் வந்திருக்கிறதா? நான் தபால் புத்தகத்தை மூன்று தரம் புரட்டினேன். கவனமாகத்தான் புரட்டினேன். பிறகு "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். முகத்துவாரம் வெட்டுவதைத் தை வரைக்கும் தள்ளிவைத்துவிட்டுத் துரை புறப்பட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் நடுப்பகலில் என் சன்னலுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு. கொக்கட்டிச்சோலைக்குத் தெற்கே இருந்த ஒரு வட்டையின், அதாவது ஒரு வயற்பரப்பின், தண்ணீருக்கும் வேலைக்கும் பொறுப்பான வட்டவிதானை. கணபதி என்று பெயர். தோணியில் வந்திருந்தார்.

"ஐயா, எங்கட கவிய துரைக்குப் படிச்சாச்சா?" என்றார்.

"எந்தக் கவி?"

"ஒம்பது பேர் பெருவிரல் வச்சி அனுப்பினமே. கழுத்தளவு தண்ணியில எண்டு தொடங்கும்."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. கவிஞர்களில் ஒருவரை நேரில் கண்டுவிட்டேன் அல்லவா! "அது போட்டிப் பெட்டிக்குள்ள பத்திரமா இரிக்கி. தை பிறந்தாப் பிறகுதான் படிப்பாங்க" என்றேன்.

"தை பிறந்தாப் பிறகா?" அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நாங்க பரிசுக்கு அனுப்பல்ல. ரெண்டு தரம் மனு எழுதி ஊர்த் தலைமைக்காரரிட்டக் குடுத்தம். எங்க போனதெண்டே தெரியா. மறுகா பற அடிச்சிச் சொன்னாங்க, கவி அனுப்பினாப் பெரிய துரைக்கு முன்னால படிப்பாங்களெண்டு. மனுவ ஆரும் துரைக்கு முன்னால படிக்கிறல்ல. அதான் கவியாப் போட்டு அனுப்பின."

நான் போட்டிப் புத்தகத்தைத் திறந்து இருபத்துமூன்றைத் தேடினேன்.

"கவி போடக்கொள்ளத் தண்ணி இடுப்பளவுதான். துரை கெதியா ஏதும் செய்யட்டுமெண்டு கழுத்தெண்டு போட்டம். இப்ப மெய்யாவே கழுத்துத்தான் ஐயா. இன்னும் நாலு நாள் நிண்டா வெள்ளாம அழுகித்துப் போயிரும். முழு வட்டையும்."

எனக்கு அப்போது வந்தது பயம். அந்த மனிதரின் வயலை நினைத்து வந்ததல்ல. கோப்பில் நான் எழுதிய "இல்லை"யை நினைத்து வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வயலைப் பற்றிய நினைவு வர இன்னும் சற்று நேரம் ஆயிற்று. அவரை வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு, போட்டிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பீலிக்ஸ் ஐயாவின் அறைக்குள் போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நீலப் பென்சிலை எடுத்தார். "எப்ப வந்தது?" என்றார். பதினேழு நாளுக்கு முந்தி என்றேன். "எதால வெட்டின?" கத்தரிக்கோலால் என்றேன். "ஆர் பாத்த?" ஒருவரும் பார்க்கவில்லை என்றேன். மூன்றையும் எழுதினார். பிறகு, "கத்தரிக்கோலக் கொண்டு வா" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் தன் லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அவர் ஓய்வுபெறும் வரைக்கும் அது எனக்குத் திரும்பி வரவில்லை. அத்தனை வருடமும் நான் கடதாசியை மடித்து, நகத்தால் தேய்த்துத்தான் கிழித்தேன்.

"பெட்டிய உடைச்சித் திறப்பமா ஐயா?" என்று கேட்டேன்.

"உடைச்சா மத்த நாப்பது பேருக்கும் அநியாயம். பெட்டி கிடக்கட்டும். கவி உனக்குப் பாடமா?"

"ஓம்."

"அப்ப பெட்டி எதுக்கு? துரை நடுவரில்ல, அவருக்குச் சொல்லலாம்." கோப்பை என் பக்கம் தள்ளினார். "முதல்ல இதில எழுது."

நான் ரப்பரைத் தேடினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கை நின்றுவிட்டது. கந்தோர்க் கோப்பில் எதையும் அழிப்பதில்லை. பிழையை அப்படியே விட்டு, அதன் கீழே சரியானதை எழுத வேண்டும். "மேலே நான் எழுதியது பிழை. படுவான்கரையிலிருந்து ஒன்பது பேரின் முறைப்பாடு பதினேழு நாட்களுக்கு முன் வந்தது. அதை நான் கவிதை என்று எடுத்துக்கொண்டேன்" என்று எழுதினேன். அவர் வாசித்துவிட்டு, "கையெழுத்து" என்றார். வைத்தேன். நாற்பது வருட உத்தியோகத்தில் நான் எழுதிய எத்தனையோ குறிப்புகளில் ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லாதது அது ஒன்றுதான்.

அடுத்த நாள் காலை ரயிலில் கணபதி வட்டவிதானையும் நானும் வாழைச்சேனையில் இறங்கி, ஓட்டமாவடியில் துரை தங்கியிருந்த விடுதிக்கு நடந்தோம். கைநாட்டை வெட்டியதையும் ரயிலிலேயே சொல்லிவிட்டு, வழியெல்லாம் அவர் என்னைக் குறை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை. வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இஞ்ச மேட்டு நிலம். தப்பிரும்" என்றார். அவ்வளவுதான்.

பெரிய துரைக்கு ஓரளவு தமிழ் தெரியும். பரீட்சை எழுதிப் படித்த தமிழ். கோப்பில் என் குறிப்பை வாசித்துவிட்டு என்னையும் வட்டவிதானையின் கால்களையும் மாறிமாறிப் பார்த்தார். "அந்தக் கவியைச் சொல்லும்" என்றார். இராகமில்லாமல் நான் தொடங்கினேன். வட்டவிதானை இடையில் புகுந்து, இராகத்தோடு நான்கையும் பாடி முடித்தார். சமையற்காரரும் வெளியே வந்து நின்று கேட்டார்.

"இதில் பேசுவது யார்?" என்று துரை என்னிடம் கேட்டார்.

"நெற்பயிர், துரை."

"பயிர் எங்கே நிற்கிறது?"

"தண்ணீரில்."

"கடலுக்கு வழி கேட்கிறது. இல்லையா?"

"ஓம், துரை."

"எனக்குத் தமிழ் குறைவு. எனக்கே விளங்குகிறதே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேசையில் குனிந்து நாலைந்து சொல் எழுதிக் கையெழுத்திட்டார். அன்று பிற்பகலே தந்தி போயிற்று.

வெட்டுவதைப் பார்க்க நானும் முகத்துவாரத்துக்குப் போனேன். போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை. முப்பது நாற்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். முதலில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு கான், ஒரு சின்ன வாய்க்கால்தான் வெட்டினார்கள். தண்ணீர் அதில் தயங்கித் தயங்கிப் போயிற்று. இதுவா வாவியை வற்றச் செய்யப் போகிறது என்று நினைத்தேன். சற்று நேரத்தில் தண்ணீரே மணலைக் கடித்து இழுக்கத் தொடங்கியது. வெட்டியவர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒதுங்கினார்கள். மதியத்துக்குள் அது ஒரு ஆறாகிவிட்டது. இறால் பிடிக்கிறவர்கள் கரையில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அன்று நட்டம்தான்; அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர் வசனத்தில் எழுதியிருந்தார், உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

வட்டையில் மேட்டுப் பக்கம் தப்பியது. பள்ளப் பக்கம் போய்விட்டது. பத்து நாள் முந்தி வெட்டியிருந்தால் எல்லாமே தப்பியிருக்கும் என்று வட்டவிதானை சொன்னார். கணக்காகச் சொன்னாரே தவிர, குற்றமாகச் சொல்லவில்லை.

தை பிறந்ததும் இரண்டு திறப்புகளும் சேர்ந்து பெட்டி திறந்தது. நடுவர்கள் இருவர். ஒருவர் கந்தப்பர் சட்டம்பியார். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படிப்பித்து ஓய்ந்தவர். மற்றவர் ஏறாவூர் ஆலிம் ஒருவர். அரபும் தமிழும் கற்றவர், சொந்தமாக வயலும் செய்பவர். சொல், பொருள், ஓசை, கற்பனை என்று நாலுக்கும் தனித்தனியே இருபத்தைந்து புள்ளி. நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று பீலிக்ஸ் ஐயா என்னைத் தடுத்திருந்தார்.

இருபத்துமூன்று வந்தது. சட்டம்பியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லெல்லாம் கொச்சை. தண்ணியாம், ஆராம். ஆனா கற்பனை! பயிரப் பேச வச்சிரிக்கான் பாருங்க. கற்பனைக்கு இருபத்தஞ்சும் குடுக்கிறன்" என்றார்.

ஆலிம் தாளை வாங்கி மூன்று தரம் வாசித்தார். "சொல்லுக்கு இருபத்தஞ்சு. பொருளுக்கும் ஓசைக்கும் இருபத்தஞ்சு. கற்பனைக்கு நான் ஒண்டும் போடமாட்டன்" என்றார்.

"ஏன் ஆலிம்சா, அதுதானே இதில விசேசம்?"

"இதில கற்பன எங்க இரிக்கி சட்டம்பியார்? மாரியில பள்ளத்து வயலுக்குப் போய்ப் பாருங்க. வெள்ளாம இப்பிடித்தான் நிண்டு சொல்லும். இது கண்டு எழுதினது."

அரைமணி நேரம் இருவரும் வாதாடினார்கள். நான் தலை நிமிராமல் புள்ளி எழுதிக்கொண்டிருந்தேன். காது இரண்டும் சுட்டது. ஆலிமின் அந்தப் பூச்சியத்தால் அந்தக் கவிதை முதலாம் இடத்தைத் தவறவிட்டது. முதற்பரிசு, வாவியை வெள்ளித் தட்டாக்கி நிலவைச் சந்தனமாக்கிய ஒரு வெண்பாவுக்குப் போயிற்று. எழுதியவர் குருக்கள்மடத்துக் குயில். அதுவும் நல்ல வெண்பாதான்.

விழாவன்று மேடையில் பீலிக்ஸ் ஐயா அரக்கை உடைத்து இரண்டாம் பரிசுக்குரிய சின்ன உறையைப் பிரித்தார். வாவிமகன் என்று கூப்பிட்டார், ஒருவரும் எழவில்லை. யார் எழுவார்கள்? அந்தப் பெயர் தங்களுடையதென்று அந்த ஒன்பது பேருக்கும் தெரியாதே. அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, ஒன்பது பெயரையும் வரிசையாக வாசித்தார். சனத்துக்குள்ளிருந்து ஒன்பது பேரும் எழுந்து வந்தார்கள். "இதில ஆர் பாடினது?" என்று கேட்டார். எட்டுப் பேரும் ஒதுங்கினார்கள். நடுவில் ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வள்ளியம்மை. படுவான்கரையில் காணி பெண்பிள்ளைகளுக்குத்தான் சீதனமாகப் போகும். அவளுக்குத் தாய்வழி வந்த வயல் அந்த வட்டையின் பள்ளத்தில் இருந்தது என்பதை, ஒதுங்கி என் பக்கம் வந்த கணபதி வட்டவிதானை காதருகே சொன்னார். நான் திரும்பி, "அது?" என்றேன். "அதுதான் முதல்ல போனது" என்றார்.

அவள் துரையைப் பார்த்து நான்கு கவியையும் பாடினாள். வேகமாக, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பவளாகப் பாடினாள். கைதட்டினார்கள். வெண்கலச் செம்பை வாங்கிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் என் மேசைக்கு வந்தாள். பரிசு பெற்றவர்கள் புத்தகத்தில் ஒப்பமிட வேண்டும்; எழுதத் தெரியாதவர்களுக்காக மைப்பெட்டியோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கவியைப் பாடியவரிடம் கேட்க எனக்கு இரண்டு மாதமாக ஒரு கேள்வி இருந்தது. மன்னிப்புத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது அந்தக் கேள்விதான். "பயிர் பேசுற மாதிரிப் பாடோணுமெண்டு எப்பிடித் தோணிச்சு?"

"வேற ஆர் பேசுற? தண்ணிக்குள்ள நிண்டது அதுதானே" என்றாள். பெருவிரலை மையில் ஒற்றியபடியே என்னைக் கூர்ந்து பார்த்தாள். "நீங்கதானா ஐயா, எங்கட கைநாட்ட வெட்டின?"

"ஓம், நான்தான்."

"பெட்டியில போட முந்தி வாசிச்சயளா?"

"வாசிச்சன். மூண்டு நாலு தரம் வாசிச்சன்."

"தண்ணி நிக்குதெண்டு விளங்கல்லையா?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கோபம் இல்லை. எப்படி ஒரு மனிதனுக்கு இது விளங்காமல் போகும் என்று அறிய விரும்பியே கேட்டாள். ஆகவே நானும் உண்மையைத் தேடித்தான் சொன்னேன். "நல்ல வடிவாயிருந்திச்சு, அவ்வளவு அழகு. வடிவைப் பாத்ததில மத்தது கண்ணுக்குப் படல்ல."

அவள் புத்தகத்தில் விரலை அழுத்தி எடுத்தாள். செம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அப்பிடியெண்டா சரி ஐயா" என்றாள். "அடுத்த மாரிக்கு வடிவில்லாம ஒண்டு போட்டு அனுப்புறன்."